புது முகாமையாளரும் பழைய நிலுவையும்

நட்டத்தில் ஓடும் ஒரு நிறுவனத்தைப் பொறுப்பேற்க நீங்கள் வன்னிக்கு வருகிறீர்கள். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், அரிசி ஆலை, தையல் தொழிற்சாலை, உப்பளம் என்று எதுவாகவும் இருக்கலாம். முதல் நாள் ஊழியர்களை ஒன்றுகூட்டுவார்கள். மாலை, வரவேற்புரை, சிற்றுண்டி எல்லாம் இருக்கும். நிறுவனத்தை எப்படி நிமிர்த்தப்போகிறீர்கள் என்று அரைமணி நேரம் பேசுவீர்கள். கடைசியில், "ஏதும் கேக்க இருக்கா?" என்பீர்கள். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். கூட்டம் கலைந்து இயந்திரத்தடிக்குப் போனபிறகுதான் பேச்சுத் தொடங்கும்.

"உவரும் எத்தினை நாளைக்கு நிப்பாரோ?"

"முந்தின சேரும் வந்த நாள் உப்பிடித்தான் கதைச்சவர்."

"போன மாசச் சம்பளத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே."

மூன்றாவது பேச்சுக்குரிய பதிலை நீங்கள் மேடையிலேயே சொல்லியிருக்க வேண்டும். இந்த அத்தியாயம் அந்தப் பதிலைப் பற்றியது. புதிய தலைமையை ஊழியர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள், அதை எப்படிப் புரிந்துகொள்வது, முதல் மூன்று மாதங்களில் எதைச் செய்வது, எதைத் தொடவே கூடாது என்பவற்றைச் சொல்கிறேன். பெரும்பகுதி முகாமையாளருக்கு. கடைசிப் பகுதி ஊழியர்களுக்கு.

இந்த மண் பார்த்தவை

ஏ9 வீதியால் பரந்தன் சந்தியைக் கடக்கும் எவருக்கும் அங்கே ஒரு இரசாயனத் தொழிற்சாலை இருந்தது தெரியும். 1950களில் தொடங்கிய அரச தொழிற்சாலை அது. ஆனையிறவு உப்பை மூலப்பொருளாக வைத்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தார்கள். 1980களின் நடுப்பகுதியில் போர் அதை நிறுத்தியது. பின்னர் கட்டடங்களும் சிதைந்தன. ஆனால் பரந்தன் கெமிக்கல்ஸ் என்ற அரச நிறுவனம் சாகவில்லை. வெளிநாட்டிலிருந்து குளோரினைத் தருவித்து, நாட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்புக்கு வழங்கும் வியாபாரமாக அது தொடர்ந்தது. தலைவர்கள் வந்தார்கள், போனார்கள், கணக்குகள் எழுதப்பட்டன. பரந்தனில் வேலை செய்த குடும்பங்களுக்கோ அந்த வேலை திரும்பி வரவில்லை.

நிறுவனம் பிழைப்பது வேறு, தன் வேலை பிழைப்பது வேறு என்பதை வன்னி ஊழியர் புத்தகத்தில் படிக்கவில்லை, கண்ணால் கண்டிருக்கிறார். ஆகவே "நாங்கள் இந்த நிறுவனத்தைக் காப்பாற்றுவோம்" என்று நீங்கள் சொல்லும்போது, அந்த "நாங்கள்" என்பதற்குள் தானும் அடங்குவேனா என்றுதான் அவர் யோசிக்கிறார்.

ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போரில் மூடப்பட்டு, பல தசாப்தங்களாக இயங்காமல் கிடந்த அதைத் திரும்பத் திறப்பதாகப் பல தடவை அறிவிப்புகள் வந்தன. 2009க்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனங்களின் வாழ்வாதாரத் திட்டங்களும் அப்படியே. நிதி முடிந்ததும் அலுவலகப் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அரச கூட்டுத்தாபனங்களிலோ 2015, 2019, 2024 என்று ஆட்சி மாறிய ஒவ்வொரு தடவையும் தலைவர்களும் பணிப்பாளர் சபைகளும் மாறின.

இவ்வளவையும் பார்த்தவர்கள் ஒரு புதுமுகத்தைக் கண்டதும் கைதட்டாமல் இருப்பது அவமரியாதை ஆகாது. இதை நீங்கள் மனதார ஏற்றுக்கொள்ளாவிட்டால் மற்ற எதையும் சரியாகச் செய்யமாட்டீர்கள். "இவர்களுக்கு ஆர்வமே இல்லை" என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதும் முதலாவது அறிக்கை பல நல்ல மனிதர்களை அநியாயமாகக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிடும்.

முதல் கிழமைகளில் தெரிவது

முதலில் உங்கள் அறைக்கு வருபவரை நம்பி எந்த முடிவையும் எடுக்காதீர்கள். அவர் மிகவும் அன்பாக இருப்பார். யார் களவெடுக்கிறார்கள், யார் வேலை செய்வதில்லை, யார் முந்திய முகாமையாளரின் ஆள் என்று ஒரு பட்டியலே தருவார். அதில் சில உண்மையாகவும் இருக்கும். ஆனால் அவரை மறுநாள் பதவி உயர்த்தினால், மிச்ச எல்லோரும் ஒரு பாடம் படித்துவிடுவார்கள்: இந்த இடத்தில் வேலை செய்வதைவிடக் காதில் ஓதுவது பலன் தரும். அந்தப் பாடத்தை அழிக்க வருடங்கள் வேண்டும். கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், நன்றி சொல்லி அனுப்புங்கள். களஞ்சியத்தில் இருப்பு எடுக்க வேண்டுமானால் எல்லாக் களஞ்சியத்திலும் எடுங்கள். ஒருவருடையதை மட்டும் எடுக்காதீர்கள்.

அடுத்தது வதந்தி. காணியை விற்கப் போகினமாம், அரைவாசிப் பேரை நிப்பாட்டப் போகினமாம், இயந்திரத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோகப் போகினமாம். இவற்றைக் கேட்டுக் கோபப்படாதீர்கள். வதந்தி என்பது ஊழியர்கள் எழுத்தில் தராத கேள்வித்தாள். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி அறிவிப்புப் பலகையில் போடுங்கள். காணி விற்கும் எண்ணம் இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். ஆட்குறைப்புப் பற்றி இன்னும் முடிவில்லையென்றால், "முடிவில்லை, கணக்கு முடிந்ததும் இன்ன திகதிக்கு முன் சொல்வேன்" என்று திகதியோடு எழுதுங்கள். அந்தத் திகதியில் சொல்வதற்கு ஒன்றுமில்லாவிட்டாலும், ஒன்றுமில்லை என்று சொல்லவாவது முன்னால் வந்து நில்லுங்கள்.

மூத்த தொழிலாளி ஒருவர் இருப்பார். போர்மன் என்ற பதவிகூட இல்லாதிருக்கலாம். எல்லோரும் அவரை "அண்ணை" என்பார்கள். கூட்டத்தில் பின்வரிசையில் நிற்பார், உங்களோடு அதிகம் பேசமாட்டார். பழுதான இயந்திரம் ஏன் பழுதானது, எந்த வழங்குநருக்குக் காசு கொடுக்கவில்லை, எந்த வருடத்திலிருந்து சரிவு தொடங்கியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவரை அறைக்குக் கூப்பிட்டால் வந்து நின்றுவிட்டுப் போய்விடுவார். நீங்கள்தான் அவருடைய இடத்துக்குப் போக வேண்டும். "அண்ணை, இந்த மெசினை நீங்கள் எண்டால் என்ன செய்வியள்?" என்று அங்கே நின்று கேளுங்கள். அவர் சொன்னதில் ஒன்றையாவது அந்தக் கிழமையே செய்து காட்டுங்கள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு பெல்ட் மாற்றுவதாக இருக்கட்டும். வரவேற்புரை செய்யாததை அது செய்யும்.

கெட்டிக்காரர் விலகுவதும் ஒரு எதிர்வினைதான். அதிகம் கவலைப்பட வேண்டியதும் அதைப் பற்றித்தான். மின்னியலாளர், கணக்காளர், தரம் பார்ப்பவர் போன்றோருக்கு வவுனியாவிலோ கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை கிடைக்கும். வாய்ச்சண்டை போடுபவர் நிறுவனத்தோடு இன்னும் உறவில் இருக்கிறார். சத்தமில்லாமல் சேவைக் கடிதம் கேட்பவர் உறவை முடித்துவிட்டார். முதல் இரண்டு கிழமைக்குள் இப்படிப்பட்ட ஐந்தாறு பேரைத் தனித்தனியே சந்தித்து, ஒளிவுமறைவின்றிக் கணக்கைச் சொல்லுங்கள்.

வரவு குறைந்தால் உடனே அதை எதிர்ப்பு என்று எடுக்காதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை காலபோக அறுவடை. வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல். அந்த நாட்களில் முல்லைத்தீவு மாவட்டத்தில் எந்த ஆலையும் முழு ஆட்பலத்தோடு ஓடாது. உற்பத்தித் திட்டத்தை அதற்கேற்ப வகுப்பதுதான் முகாமையாளரின் வேலை. இன்னொன்று: மே 18க்கு விடுப்புக் கேட்பவரிடம் காரணம் கேட்காதீர்கள். அந்த நாளில் இங்கே எத்தனையோ வீடுகளில் போரில் இறந்தவர்களுக்காக விளக்கேற்றுவார்கள். அந்த ஒரு நாளைச் சம்பளத்தில் வெட்டி நீங்கள் மிச்சம் பிடிக்கும் காசு, அதன் பிறகு எந்த வருடமும் உங்களுக்கு நன்மையாகாது.

முதல் வேலை: நிலுவை

நட்டத்தில் இருக்கும் நிறுவனத்தில் சம்பளம் இழுபடும். அதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும்: ஊழியர் சேமலாப நிதியத்துக்கும் (ஈ.பி.எவ்.) ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கும் (ஈ.ரி.எவ்.) காசு கட்டாமல் விடுவது. புதிதாகப் பொறுப்பேற்பவர் முதல் நாளே திறக்க வேண்டிய கோவை இதுதான். வங்கிக் கடன் கோவை இரண்டாவதாக இருக்கட்டும்.

சட்டம் தெளிவானது. ஈ.பி.எவ்.க்கு ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதம் கழிக்க வேண்டும், நிறுவனம் 12 வீதம் சேர்க்க வேண்டும். ஈ.ரி.எவ்.க்கு நிறுவனம் மட்டும் 3 வீதம் கட்ட வேண்டும். ஈ.பி.எவ். காசு அடுத்த மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் காலத்துக்கேற்ப 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் விழும். தற்காலிகம், நாட்கூலி, துண்டுவேலை என்று பெயர் வைத்து இதிலிருந்து தப்ப முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 பேர் வேலை செய்யும் ஓர் ஆலை. ஆளுக்கு மாதம் 30,000 ரூபா. ஆறு மாதம் ஈ.பி.எவ். கட்டவில்லை. ஒருவருக்கு மாதம் 6,000 ரூபா வீதம் மொத்தம் 21 இலட்சத்து 60 ஆயிரம். இதில் 8 இலட்சத்து 64 ஆயிரம் நிறுவனத்தின் காசே அல்ல. ஊழியர்களின் சம்பளப் பட்டியலில் கழித்து எடுத்த அவர்களுடைய காசு. அதை எடுத்து மின்கட்டணமோ டீசலோ கட்டியிருக்கிறார்கள். இதைத் தெரிந்த ஒருவரின் முன்னால் நின்று "நாம் எல்லோரும் ஒரு குடும்பம்" என்று பேசுவது மிகவும் தவறு.

என்ன செய்வது? ஒரேயடியாகக் கட்டக் காசு இல்லாமல் இருக்கும். அப்படியானால் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கு நீங்களே போய், தவணையில் கட்டுவதைப் பற்றிக் கதையுங்கள். பரிசோதனைக்கு அவர்கள் வரும்வரை காத்திருக்காதீர்கள். பிறகு ஒவ்வொரு ஊழியருக்கும் அவருடைய பெயரில் ஒரு துண்டு கொடுங்கள்: இவ்வளவு சம்பளம் நிலுவை, இத்தனை மாத ஈ.பி.எவ். நிலுவை, இந்தந்த மாதத்தில் கட்டித் தீரும் என்று அதில் இருக்க வேண்டும். கையொப்பமிட்டுக் கொடுங்கள். வன்னியில் இந்தத் துண்டுக்கு இன்னொரு பெறுமதி உண்டு. 2008, 2009 இடம்பெயர்வில் சேவைக் கடிதமும் ஈ.பி.எவ். இலக்கமும் தொலைந்து, பல வருடம் உழைத்ததை நிரூபிக்க முடியாமல் அலைந்த குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. எழுத்தில் ஒன்று கையில் இருப்பது அவர்களுக்குப் பாதுகாப்பு.

சம்பளத் திகதியும் அப்படியே. முழுச் சம்பளத்தைப் பத்தாம் திகதி கொடுக்க முடியாவிட்டால், எத்தனையாம் திகதி எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லி, அதைத் தவறாமல் கொடுங்கள். பெண்ணொருவர் தலைமை தாங்கும் வீடுகள் இங்கே அதிகம். நுண்கடன் கிழமைத் தவணை, நகை அடைவு, பிள்ளையின் ரியூசன் காசு எல்லாம் திகதி பார்த்து வருபவை. தாமதமான முழுச் சம்பளத்தைவிடத் திகதி தப்பாத முக்கால் சம்பளம் அந்த வீடுகளுக்கு உதவும். மிச்சக் கால்வாசியும் துண்டில் எழுதியபடி வந்தால்தான் இது நியாயம் என்பதை மறக்க வேண்டாம். 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா, நாட்சம்பளம் 1,200 ரூபா. நிறுவனம் நட்டத்தில் இருக்கிறது என்பது இதற்குக் கீழே இறங்கக் காரணமாகாது.

பெரிய இடங்களிலும் ஒழுங்கு இதுதான். 2009 ஜனவரி 7 அன்று ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகள் பொய் என்று தானே ஒப்புக்கொண்டார். ஏறத்தாழ 50,000 ஊழியர்கள் மறுநாள் என்ன ஆகும் என்று தெரியாமல் நின்றார்கள். இந்திய அரசு சில நாட்களிலேயே புதிய பணிப்பாளர் சபையை நியமித்தது. சபையின் முதற் கவலை சம்பளம். அதற்கான காசை ஒழுங்குசெய்தார்கள். பெப்ரவரியில் பிரதம நிறைவேற்று அதிகாரியாக நியமிக்கப்பட்ட ஏ. எஸ். மூர்த்தி அந்த நிறுவனத்திலேயே நீண்டகாலம் இருந்தவர். ஏப்ரலில் ரெக் மகிந்திரா நிறுவனத்தை வாங்கியது. வாங்க ஆள் வரும்வரை ஊழியர்களில் பலர் விலகாமல் இருந்தார்கள் என்றால், சம்பளம் நிற்காதது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

ஆனையிறவில் நடந்தது

ஆனையிறவு உப்பளம் போருக்கு முன் நாட்டின் பெரிய உப்பளங்களில் ஒன்று. போர் அதை மூடியது. பின்னர் அரசுக்குச் சொந்தமான மாந்தை உப்பு நிறுவனத்தின் கீழ் அது மீண்டும் இயங்கத் தொடங்கியது. 2025 மார்ச் கடைசியில் அங்கே புதிய உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. கைத்தொழில் அமைச்சர் சுனில் ஹந்துன்நெத்தி வந்து திறந்துவைத்தார். நாட்டில் உப்புத் தட்டுப்பாடு இருந்த காலம். நல்ல நோக்கம், நல்ல முதலீடு, பல வருடம் காத்திருந்த ஒரு தொழில்.

ஆனால் பொதியில் "ரஜ லுணு" என்று சிங்களத்தில் பெயர் வைத்தார்கள். ஆனையிறவு உப்பு என்று தலைமுறைகளாகச் சொல்லிவந்த மக்கள் அதை எதிர்த்தார்கள். விளம்பரக்காரர் ஒருவருக்கு அது சின்ன விடயமாகத் தெரிந்திருக்கலாம். கண்ணெரியும் வெயிலில் பாத்தியில் நின்று உப்பு வாரும் மனிதருக்கு, தன் ஊரின் பெயர் பொதியில் இல்லை என்பது பெரிய விடயம். மே மாதத்தில் தொழிலாளர்கள் வேலை நிலைமைகள், அடிப்படை வசதிகள் பற்றிய முறைப்பாடுகளை முன்வைத்து நிர்வாகத்துக்கு எதிராகப் போராட்டத்தில் இறங்கினார்கள். திறப்பு விழா முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

புதிய தலைமைக்கு இதில் மிகப் பயன்தரும் செய்தி இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். திறப்பு விழாவில் வந்த மகிழ்ச்சி பொய்யில்லை. வேலை திரும்பி வந்தது என்று மக்கள் உண்மையிலேயே மகிழ்ந்தார்கள். அதே மக்கள்தான் சில கிழமைகளில் வாசலில் நின்றார்கள். முதலாளி நினைக்கும் வரிசையும் தொழிலாளி நினைக்கும் வரிசையும் வேறு. முதலாவது, உற்பத்தி, பொதி, சந்தை, அதன் பிறகு வசதிகள் என்று போகும். இரண்டாவது, குடிதண்ணீர், கழிப்பிடம், நிழல், சம்பளம், நாளைக்கும் வேலை உண்டா என்ற உறுதி, அதன் பிறகு உற்பத்தி என்று வரும். உப்பள வேலை மழைக்காலத்தில் நின்றுவிடும் பருவகால வேலை. வேலை நிற்கும் மாதங்களில் என்ன செய்வது என்பதற்கு முகாமை பதில் வைத்திருக்காவிட்டால், வெயில் காலத்தில் எவ்வளவு உற்சாகப்படுத்தியும் பலனில்லை.

ஆகவே பொறுப்பேற்ற முதல் மாதத்தில் பெயர்ப்பலகை, சின்னம், சீருடை நிறம் எதையும் மாற்றாதீர்கள். கழிப்பிடத்தைத் திருத்துங்கள். குடிதண்ணீர் வடிகட்டி ஒன்று பூட்டுங்கள். பெண்கள் உடை மாற்ற ஒரு அறை ஒதுக்குங்கள். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு பெயர்ப்பலகைச் செலவை அதிகம் தாண்டாது.

கணக்கைத் திறப்பது

தொழில்நுட்பம் தெரியாத வெளியாள் தலைவராக வந்து வென்ற கதைகளில் ஜப்பான் எயார்லைன்ஸ் கதையை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த விமான நிறுவனம் 2010 ஜனவரியில் வங்குரோத்தாகி நீதிமன்றப் பாதுகாப்பைக் கேட்டது. பெப்ரவரியில் தலைவராக வந்தவர் கசுவோ இனமோரி. கியோசெரா நிறுவனத்தை உருவாக்கியவர், வயது 78, விமானத் தொழிலில் முன் அனுபவம் இல்லாதவர். சம்பளம் வாங்க மறுத்துவிட்டார்.

ஊழியர்கள் கைதட்டவில்லை. மூத்த நிர்வாகிகளுக்கு அவர் நடத்திய வகுப்புகளில் நேர்மை, நன்றி, மனிதராக எது சரி என்றெல்லாம் பேசியபோது, படித்துப் பெரிய பதவிக்கு வந்த நமக்கு இந்தப் பாலபாடம் எதற்கு என்று பலர் முகம் சுளித்தார்கள். அவர் வகுப்பை நிறுத்தவில்லை, அவர்களோடு கூட இருந்து சாப்பிட்டுக் குடித்துப் பேசினார். ஆனால் நிலைமையை மாற்றியது பேச்சு மட்டுமில்லை. மாதங்கள் கழித்துத்தான் கணக்கு கிடைக்கும் என்றிருந்த நிறுவனத்தில், ஒவ்வொரு பறப்பும் எவ்வளவு உழைத்தது என்பது மறுநாளே தெரியும்படி செய்தார். சிறு பிரிவுகளாகப் பிரித்து, அந்தந்தப் பிரிவின் வரவும் செலவும் அங்கே வேலை செய்பவருக்கே தெரிய வைத்தார். தன் வேலை நட்டத்தில் எவ்வளவைக் கூட்டுகிறது, எவ்வளவைக் குறைக்கிறது என்று விமானப் பணிப்பெண்ணுக்கும் பொறியியலாளருக்கும் புரிந்தது. 2012 செப்டெம்பரில் நிறுவனம் மீண்டும் தோக்கியோ பங்குச் சந்தைக்கு வந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 16,000 பேர் வேலையிழந்தார்கள். ஓய்வூதியம் குறைக்கப்பட்டது. கட்டாயமாக நீக்கப்பட்ட விமானிகளும் பணிப்பெண்களும் வழக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். வெற்றிக் கதை சொல்லுபவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அங்கிருந்து வன்னி ஆலைக்கு எடுத்துவரக்கூடியது கணக்கைத் திறக்கும் பழக்கம். மாதம் ஒருமுறை, ஒரு தாளில், எல்லோருக்கும் விளங்கும் தமிழில் எழுதி ஒட்டுங்கள்: இத்தனை மூடை நெல் வாங்கினோம், இவ்வளவு அரிசி விற்றோம், மின்கட்டணம் இவ்வளவு, சம்பளம் இவ்வளவு, வங்கி வட்டி இவ்வளவு, மிச்சம் அல்லது நட்டம் இவ்வளவு. முகாமையாளரின் வாகனச் செலவும் எரிபொருளும் அதே தாளில் இருக்கட்டும். அந்த வரியைத்தான் முதலில் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். கூட்டுறவுச் சங்கமாக இருந்தால் இது இன்னும் இலகு. ஆண்டுப் பொதுச்சபையில் காட்டும் கணக்கை மாதாமாதம் காட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

ஆட்குறைப்பு வந்தே தீரும் என்றால்

சில நிறுவனங்களை ஆட்குறைப்பு இல்லாமல் காப்பாற்ற முடியாது. அதை மறைத்துப் பசப்பக் கூடாது. ஆனால் ஒழுங்கு முக்கியம். முதலில் உயர் பதவிகளின் சலுகைகள், பிறகு தேவையற்ற கொள்முதல், பிறகு ஓ.ரி., பிறகு தாமாக விலக விரும்புவோர், கடைசியில்தான் கட்டாயம். இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்த முகாமையாளர் யாரும் ஊழியர்களின் நம்பிக்கையைத் திரும்பப் பெற்றதாக நான் காணவில்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாட்களாவது வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்த வேண்டுமானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். இரண்டும் இல்லாமல் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொன்னால் அது செல்லாது. சம்மதக் கடிதத்தில் அழுத்தி வாங்கும் கையொப்பம் பின்னர் உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம், மற்றவர்களுக்கு 14 நாள் சம்பளம். 30,000 ரூபாவில் 12 வருடம் வேலை செய்தவருக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம் வரும். சேவை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இந்தக் காசைத் தேடி வைத்துக்கொண்டுதான் பட்டியலைத் திறக்க வேண்டும். பணிக்கொடைக்குக் காசில்லாமல் ஆட்குறைப்புக் கடிதம் கொடுப்பது அந்தக் குடும்பத்தை இரண்டு தடவை தண்டிப்பது.

யாரை நிறுத்துவது என்று தீர்மானிக்கும்போது இன்னொன்றைப் பாருங்கள். இங்கே ஒரே கிராமத்திலிருந்து, ஒரே குடும்பத்திலிருந்து இருவர் மூவர் வேலைக்கு வருவது வழமை. கணவன், மனைவி, மைத்துனி என்று மூவரையும் ஒரே பட்டியலில் போட்டால் அந்த வீட்டில் உலை வைக்க வழியிருக்காது. சட்டம் இதைக் கேட்கவில்லை. நீங்கள் கேட்க வேண்டும்.

மொழி

தலைமை அலுவலகம் கொழும்பில் இருந்தால் படிவங்கள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வரும். வாசிக்கத் தெரியாத மொழியில் இருக்கும் கடிதத்தில் வன்னி ஊழியரிடம் கையொப்பம் வாங்காதீர்கள். நியமனக் கடிதம், எச்சரிக்கைக் கடிதம், விலகல் சம்மதம், சம்பளத் துண்டு எல்லாம் தமிழில் இருக்க வேண்டும். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. வடக்கின் நிருவாக மொழியும் அதுவே. தனியார் நிறுவனத்தைச் சட்டம் அவ்வளவாக நெருக்காவிட்டாலும் நியாயம் நெருக்குகிறது. நீங்கள் சிங்களம் பேசுபவராக இருந்தால் அதற்காகத் தயங்க வேண்டாம். கொச்சைத் தமிழில் நாலு வசனம் சேர்த்துப் பேசினாலே முகங்கள் மலரும். மொழிபெயர்ப்பவராக மட்டும், முதலில் அறைக்கு வந்து பட்டியல் கொடுத்தவரை வைக்காதீர்கள்.

ஊழியர்களுக்கு

இனி உங்களோடு பேசுகிறேன், அக்கா, அண்ணை, தம்பி, தங்கச்சி. புதியவரைச் சந்தேகிக்க உங்களுக்குக் காரணம் உண்டு. ஆனால் முதல் நாளே அவரைத் தோற்கடிக்க முனையவும் வேண்டாம். மூன்று மாதம் கொடுங்கள். அந்த மூன்று மாதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள்.

சம்பளத் துண்டுகளைச் சேர்த்து வையுங்கள். ஒரு பிரதியைப் படமெடுத்து உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஈ.பி.எவ். மீதி அறிக்கை ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். அதற்காக யாரும் உங்களை வேலையால் நிறுத்த முடியாது. தனித்தனியே போய் அழுவதை விட்டுவிட்டு, கேள்விகளை ஒன்றாக எழுதி, நிதானமான இருவரிடம் கொடுத்து அனுப்புங்கள். தொழிற்சங்கமாகப் பதிவுசெய்ய 7 பேர் போதும். தகுதியுள்ள ஊழியர்களில் 40 வீதத்தினர் அங்கத்தவரானால், அந்தச் சங்கத்தோடு பேச மறுப்பது முறையற்ற தொழில் நடைமுறை என்று 1999இல் கொண்டுவந்த திருத்தச் சட்டம் சொல்கிறது.

முகாமையாளர் உண்மையான கணக்கைக் காட்டினால் அதை வாசியுங்கள், கேளுங்கள், திருத்துங்கள். சேதாரம் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியும். நல்ல தலைமை வந்திருக்கிறது என்று பட்டால் அதைச் சொல்லவும் பின்னிற்காதீர்கள். இந்த மண்ணில் ஒரு தொழிற்சாலை மூடப்பட்டால் அதைத் திரும்பத் திறக்க எத்தனை வருடம் எடுக்கும் என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை.

நியாயமின்றி வேலையிலிருந்து நிறுத்தப்பட்டால், நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பேசித் தீர்ப்பார்கள் என்று காத்திருந்து இந்தக் காலக்கெடுவைத் தவறவிட்டவர்கள் பலர். முகாமையாளர் அவர்களே, இந்த ஆறு மாதக் கணக்கை உங்கள் அறிவிப்புப் பலகையில் நீங்களே தமிழில் எழுதி ஒட்டுங்கள்.